எச்சிலும் நீரும்: தமிழ்நாட்டில் ஞானஸ்நானத்தின் வரலாறு

கிறிஸ்தவ சமயத்தில் ஒருவரைச் சேர்க்கும் சடங்கு ஞானஸ்நானம். கத்தோலிக்கர் இன்று இதைத் திருமுழுக்கு என்று சொல்கிறார்கள். சடங்குக்கு வேண்டியவை மிகக் கொஞ்சம்: தண்ணீர், அதை ஊற்றவோ அதில் முழுக்கவோ ஓர் ஆள், பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் என்று சொல்லும் ஒரு வாக்கியம். இவை இருந்தால் போதும். குழந்தை பிழைக்காது என்ற நிலையில் பிரசவம் பார்க்கும் மருத்துவச்சியே கொடுத்துவிடலாம் என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் பழைய விதி.

இவ்வளவு எளிய சடங்கின் மேல் ஏறியிருக்கும் பொருள் கனமானது. முதலாவது, அது கழுவுதல், பாவம் போகிறது. இரண்டாவது, அது சாவு. நீருக்குள் போகிறவர் கிறிஸ்துவோடு புதைக்கப்பட்டு அவரோடு எழுந்து வருகிறார் என்று பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தில் விளக்கினார். மூன்றாவது, அது சேர்க்கை. பெற்றவர் ஒரு புதிய குடும்பத்தின் உறுப்பினர். முதலிரண்டும் கண்ணுக்குத் தெரியாதவை, விசுவாசத்தைச் சேர்ந்தவை. மூன்றாவது ஊர் பார்க்கக் கூடியது. தமிழ்நாட்டில் ஐந்நூறு ஆண்டுகளாக ஞானஸ்நானத்தைச் சுற்றி நடந்த சண்டைகளில் பெரும்பாலானவை இந்த மூன்றாவது பொருளைப் பற்றியவை: நீரில் இறங்கியவர் யாருடைய ஆள் ஆகிறார், எந்தச் சாதியில் நிற்கிறார், யாருடைய சொத்துக்கு வாரிசு?

தமிழகத்துக்கு வந்துசேர்ந்த சடங்கு ஏற்கனவே நெடுந்தூரம் பயணம் செய்திருந்தது. யோர்தான் ஆற்றில் யோவான் கொடுத்த முழுக்கிலிருந்து அது தொடங்குகிறது. தொடக்கக்காலத் திருச்சபையின் கையேடான டிடாக்கே ஓடும் நீரையே விரும்புகிறது. அது இல்லையென்றால் வேறு நீர், குளிர்ந்தது கிடைக்காவிட்டால் வெந்நீர், எதுவுமே போதாவிட்டால் தலையில் மூன்று முறை ஊற்றினால் போதும் என்று நடைமுறை அறிவோடு இறங்கி வருகிறது. யூப்ரடீஸ் கரையில், இன்றைய சிரியாவில், டூரா யூரோப்பஸ் என்ற ஊரில் 3-ஆம் நூற்றாண்டின் வீட்டுக் கோவில் ஒன்று அகழ்ந்தெடுக்கப்பட்டது. அதன் ஒரு சிறிய அறையில் விதானம் போட்ட தொட்டியும், அதற்கு மேலே ஆட்டைத் தோளில் சுமக்கும் மேய்ப்பனின் ஓவியமும் இருந்தன. அக்காலத்தில் ஞானஸ்நானம் பெரும்பாலும் வளர்ந்தவர்களுக்கானது. பல மாதங்கள், சில இடங்களில் மூன்று ஆண்டுகள் பாடம் கேட்டு, உபவாசம் இருந்து, பாஸ்கா இரவில் பெறுவார்கள். பாவம் செய்யும் வாய்ப்பு குறையட்டும் என்று சாகும் தறுவாய் வரை தள்ளிப்போட்டவர்களும் உண்டு. ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் 337-இல் மரணப் படுக்கையில்தான் பெற்றான். பிறகு ஜென்மப் பாவம் பற்றிய அகுஸ்தீனின் போதனை மேற்கில் வேரூன்றியதும், பிறந்த சில நாட்களிலேயே குழந்தைக்குக் கொடுப்பது பொது வழக்கமாயிற்று.

வளர்ந்தவர்களுக்கு வாரக்கணக்கில் நடந்த சடங்குகள் அப்போது ஒரே நிகழ்ச்சியில் சுருங்கின. 1614-இல் ரோமில் வெளியான சடங்கு நூலின்படி, குரு கோவில் வாசலில் குழந்தையின் முகத்தில் மூன்று முறை ஊதுவார். அது தீய ஆவியை விரட்ட. நாக்கில் உப்பு வைப்பார். அது ஞானத்தின் சுவை. தம் விரலால் எச்சிலைத் தொட்டுக் குழந்தையின் காதிலும் மூக்கிலும் தடவுவார். இயேசு செவிடன் ஒருவனை உமிழ்நீர் கொண்டு குணமாக்கியதன் நினைவு அது. பிறகு நெஞ்சிலும் முதுகிலும் எண்ணெய், தலையில் மூன்று முறை தண்ணீர், உச்சியில் பரிமளத் தைலம், வெள்ளைத் துணி, எரியும் மெழுகுவர்த்தி. ஐரோப்பியக் கிராமத்தில் யாரும் ஒரு கணம் யோசிக்காமல் கடந்துபோன இந்த வரிசையில் ஒன்று மதுரையிலும் தஞ்சையிலும் நூற்றாண்டுச் சண்டையாகப் போகிறது.

தமிழகத்தில் முதலில் பெருந்திரளாக ஞானஸ்நானம் நடந்தது முத்துக்குளித்துறையில். வேம்பாற்றிலிருந்து குமரிமுனை வரையிலான கடற்கரையில் முத்துக்குளித்து வாழ்ந்த பரதவர்கள் 1530-களில் கடும் நெருக்கடியில் இருந்தார்கள். முத்துக்குளிப்பின் உரிமையும் வருமானமும் யாருக்கு என்பதில் அவர்களுக்கும் கடற்கரை முஸ்லிம் வணிகர்களுக்கும் மோதல் முற்றியிருந்தது. ஞுவான் த குரூஸ் என்ற பெயர் பூண்டு முன்பே கிறிஸ்தவராகியிருந்த ஒரு குதிரை வணிகர், கொச்சியிலிருந்த போர்த்துக்கேயரிடம் போகும்படி யோசனை சொன்னார். பரதவர் தலைவர்களான பட்டங்கட்டிகளின் தூதுக்குழு கொச்சிக்குப் போயிற்று. பாதுகாப்புக்கு ஈடாக ஞானஸ்நானம் என்பது பேச்சு. தூதுவர்கள் அங்கேயே பெற்றார்கள். 1536-37-இல் கரையோர ஊர்களுக்குக் குருக்கள் வந்து மற்றவர்களுக்கும் கொடுத்தார்கள். இருபதாயிரம் பேர் அளவில் என்பது வரலாற்றாசிரியர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. கொடுத்தவர்களுக்குத் தமிழ் தெரியாது, பெற்றவர்களுக்கு இலத்தீன் தெரியாது. போதனை என்று சொல்லத்தக்க எதுவும் நடக்கவில்லை.

இதை வெறும் பேரம் என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அந்தக் காலத்துப் பரதவனுக்குத் தெய்வமும் பாதுகாவலனும் தனித்தனி இல்லை; யாரிடம் அடைக்கலம் புகுகிறோமோ அவருடைய தெய்வத்தையும் ஏற்பது உலக வழக்கம். பிற்பாடு நடந்தவையே அதற்குச் சாட்சி. 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்துக் கத்தோலிக்கக் கோவில்களைப் பறித்துக்கொண்டபோது, புது எசமானரின் சமயத்துக்கு மாறினால் ஆதாயம் இருந்தும் பரதவர் மாறவில்லை.

1542 அக்டோபரில் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தார். பெயரளவுக்குக் கிறிஸ்தவராயிருந்தவர்களைக் கண்டு அவர் செய்த முதல் வேலை, மொழி தெரிந்தவர்களைக் கூட்டி வைத்து விசுவாசப் பிரமாணம், கற்பனைகள், செபங்கள் ஆகியவற்றைத் தமிழில் ஆக்கி மனப்பாடம் செய்ததுதான். கையில் மணியோடு தெருவில் நடந்து பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் வீட்டில் போய்ப் பெரியவர்களுக்குச் சொன்னார்கள். 1544 சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில், ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துத் தமது கை சோர்ந்துபோகிறது என்றும், விசுவாசப் பிரமாணத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் குரல் எழும்பாமற் போகிறது என்றும் தெரிவித்தார். அந்த ஆண்டின் இறுதியில் திருவிதாங்கூர்க் கரையின் முக்குவர் ஊர்களில் ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோருக்குக் கொடுத்ததாகவும் எழுதினார். ஊர் ஊராக அவர் நியமித்த கணக்கப்பிள்ளைகளின் முக்கியக் கடமை, குரு வர முடியாத காலத்தில் பிறக்கும் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பது. அவர்களுக்குச் சம்பளமாக, போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென ஒதுக்கியிருந்த 4000 பணத்தைக் கேட்டு வாங்கினார்.

நீரோடு ஒரு பெயரும் வந்தது. ஞானத்தந்தையாக நின்ற போர்த்துக்கேயரின் குடும்பப் பெயரே பெற்றவருக்கும் ஒட்டிக்கொண்டது. பெர்னாண்டோ, ரோச், மச்சாது, மிராண்டா, வாஸ், கொரைரா என்று தூத்துக்குடி, மணப்பாடு, வீரபாண்டியன்பட்டினம் பக்கம் இன்றும் வழங்கும் பெயர்கள் அந்தத் தொட்டிகளிலிருந்து எழுந்தவை. சேர்ந்ததன் விலையும் உடனே தெரிந்தது. 1544-இல் மன்னாரில் புதிதாக ஞானஸ்நானம் பெற்ற நூற்றுக்கணக்கானோரை யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் படை கொன்றது. அவன் கண்ணில் அவர்கள் சமயம் மாறியவர்களாக மட்டும் தெரியவில்லை. தன் ஆட்சியிலிருந்து போர்த்துக்கேயன் பக்கம் போய்விட்டவர்களாகத் தெரிந்தார்கள்.

உள்நாட்டில் போர்த்துக்கேயரோடான இந்தத் தொடர்பே தடையாயிற்று. மதுரையில் கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற சேசு சபைக் குரு 1595 முதல் இருந்தார். பதினோரு ஆண்டுகளில் அங்கு வந்து தங்கிய பரதவர்களுக்கும் போர்த்துக்கேயருக்கும் குருவாக இருந்தாரே தவிர, மதுரைக்காரர் யாரையும் சேர்க்க முடியவில்லை. 1606-இல் வந்த இன்னொரு சேசு சபைக் குருவான ராபர்ட் தெ நொபிலி காரணத்தைக் கண்டுகொண்டார். ஞானஸ்நானம் பெற விரும்புகிறவரிடம் கேட்கப்பட்ட கேள்வி, பறங்கிக் குலத்தில் சேர விருப்பமா என்பதாகவே இருந்தது. பறங்கி என்றால் மாட்டிறைச்சி தின்று, மது குடித்து, குளிக்காமல் திரிகிறவன். அப்படி ஒரு குலத்தில் சேர யார் சம்மதிப்பார்கள்? நொபிலி காவி உடுத்தினார், குடுமி வைத்தார், சந்தனம் இட்டார், மரக்கறி உணவுக்கு மாறினார், தாம் பறங்கி இல்லை என்று அறிவித்தார். சேர்ந்தவர்கள் பூணூலையும் குடுமியையும் சந்தனத்தையும் நீராட்டையும் வைத்துக்கொள்ளலாம் என்றார். பெர்னாண்டஸ் மேலிடத்துக்குப் புகார் எழுதினார். நீண்ட விசாரணைக்குப் பின் 1623 சனவரி 31-இல் பாப்பரசர் 15-ஆம் கிரகோரி அந்த வழக்கங்களை அனுமதித்தார்.

நொபிலியின் வழியில் வந்த மதுரை மிஷன் குருக்கள் கடற்கரையின் பெயர்முறையையும் விட்டார்கள். பேதுரு இராயப்பன் ஆனார், பவுல் சின்னப்பன், யோவான் அருளப்பன், அலோசியுஸ் ஞானப்பிரகாசம். தமிழகக் கத்தோலிக்கரின் பெயர்களை வைத்தே ஒரு குடும்பம் கடற்கரையில் சேர்ந்ததா, மதுரை மிஷனில் சேர்ந்ததா என்று ஓரளவு ஊகிக்கலாம்.

ஆனால் எச்சில் மிஞ்சியது. ஒரே பாத்திரத்தில் வாய்வைத்துக் குடிக்காத, அண்ணாந்து நீர் அருந்துகிற, எச்சில் இலையை எடுப்பவரைத் தாழ்ந்தவராகக் கருதுகிற சமூகம் இது. அதன் முன்னால் ஒரு குரு தம் எச்சிலை இன்னொருவரின் காதிலும் மூக்கிலும் தடவினால், பார்க்கிறவர்களுக்கு அது அருளாகப் படாது, தீட்டாகப் படும். முகத்தில் ஊதுவதும் அப்படியே, வாய்க்காற்றும் எச்சிலின் உறவுதான். உப்பில் அவ்வளவு சங்கடம் இல்லை. எனவே மதுரை மிஷனின் குருமார் பலர் எச்சிலையும் ஊதுதலையும் ஓசைப்படாமல் விட்டுவிட்டார்கள். தண்ணீரும் வாக்கியமும் இருக்கும்போது ஞானஸ்நானம் செல்லும் என்பது அவர்கள் வாதம். இறையியலின்படி அது சரியான வாதமே.

புதுச்சேரியில் சேசு சபையாருக்கும் கப்பூச்சின் துறவிகளுக்கும் இருந்த பகை இதை ரோமுக்குக் கொண்டுபோயிற்று. சீனாவுக்குப் போகும் வழியில் பாப்பரசரின் தூதராக சார்லஸ் தெ தூர்னோன் 1703 நவம்பரில் புதுச்சேரியில் இறங்கினார். எட்டு மாதம் தங்கினார், பெரும்பகுதி நோய்ப்படுக்கையில். உள்நாட்டுக்குள் அவர் போகவே இல்லை. இரண்டு சேசு சபைக் குருக்களை வரவழைத்து விசாரித்து, 1704 சூன் 23 தேதியிட்டு ஓர் ஆணை பிறப்பித்தார். அதன் முதல் பகுதியே ஞானஸ்நானம் பற்றியது: எச்சில், உப்பு, ஊதுதல் ஆகியவற்றை விடக்கூடாது, பெயர்கள் ரோமப் புனிதர் பட்டியலிலிருந்தே வரவேண்டும், குழந்தைகளுக்குத் தாமதிக்கக்கூடாது. பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது, பெண் பூப்படைந்ததைக் கொண்டாடக்கூடாது, நோயுற்ற பறையர்களை அவர்கள் வீட்டுக்கே போய்ச் சந்திக்க மறுக்கக்கூடாது என்ற விதிகளும் அதில் இருந்தன.

வரலாற்றில் இது மலபார்ச் சடங்குகள் விவாதம் எனப்படுகிறது. பெயர் மலபார் என்றாலும் சண்டை நடந்தது தமிழ்நாட்டைப் பற்றி. மதுரை மிஷன் குருக்கள் ரோமுக்கே ஆளனுப்பி வாதாடினார்கள். ஆணையை அப்படியே நடத்தினால் மேற்சாதியார் ஒருவர்கூட மிஞ்சமாட்டார்கள் என்றார்கள். பாப்பரசர்கள் மாறி மாறி ஆணையை உறுதிசெய்தார்கள், இடையில் சில சலுகைகளைக் காலவரையறையோடு கொடுத்தார்கள். 1744 செப்டம்பர் 12-இல் 14-ஆம் பெனடிக்ட் இறுதி ஆணையை வெளியிட்டார். இந்தியாவுக்கு வரும் ஒவ்வொரு குருவும் அதைக் கடைப்பிடிப்பதாகச் சத்தியம் செய்யவேண்டும் என்று ஆயிற்று. அந்தச் சத்தியம் 1940-இல்தான் விலக்கப்பட்டது.

நியாயம் ஒரே தரப்பில் மட்டும் இல்லை. எச்சில் விஷயத்தில் உள்ளூரை அறிந்த குருக்களே தெளிவாக இருந்தார்கள். படுக்கையில் கிடந்த தூதருக்கு அந்த அருவருப்பின் ஆழம் எட்டவில்லை. பறையர் வீட்டுக்குப் போகும் விஷயத்திலோ அந்தத் தூதர் கேட்டதுதான் நீதி. ஒரே தண்ணீரில் ஞானஸ்நானம் பெற்ற இருவரில் ஒருவருடைய குடிசைக்குள் சாகும் நேரத்திலும் குரு நுழையமாட்டார் என்றால், அந்தச் சடங்கின் மூன்றாவது பொருள் அங்கே என்னவாயிற்று? சேசு சபையார் கண்ட வழி, தாழ்த்தப்பட்டோருக்கென்று தனிக் குருக்களை நியமிப்பது. மேற்சாதியாருக்குப் பிராமண சன்னியாசிகளாக வாழ்ந்த குருக்கள் ஒரு வரிசை, மற்றவர்களுக்குப் பண்டாரசாமிகள் எனப்பட்ட குருக்கள் இன்னொரு வரிசை என்று மிஷன் ஏற்கனவே பிரிந்திருந்தது. 1744-க்குப் பின் அந்தப் பிரிவு ஒரு தீர்வாகவே ஏற்கப்பட்டது. எச்சிலுக்கு எதிரான வாதம் ரோமில் தோற்றது. தீட்டு தமிழ்நாட்டில் வென்றது. இன்னொன்று: இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் 1969-இல் வெளியான குழந்தைத் திருமுழுக்குச் சடங்கில் எச்சிலும் இல்லை, உப்பும் இல்லை. உலகம் முழுவதற்குமாக ரோமே அவற்றை எடுத்துவிட்டது.

சேர்க்கையின் விலை அரண்மனைகளுக்கு அருகில் இன்னும் கூடுதல். மறவர் நாட்டில் தடியத்தேவன் என்ற குறுநிலத் தலைவன் 1693 சனவரியில் அருளானந்தர் என்று அழைக்கப்பட்ட சேசு சபைக் குரு ஜான் தெ பிரித்தோவிடம் ஞானஸ்நானம் பெற்றான். ஒரு மனைவியோடு மட்டுமே வாழவேண்டும் என்பது நிபந்தனை. விலக்கப்பட்ட மனைவியரில் ஒருத்தி மறவர் நாட்டு மன்னன் கிழவன் சேதுபதியின் உறவுப்பெண். அதன் விளைவாகப் பிப்ரவரி 4-இல் ஓரியூரில் பிரித்தோவின் தலை வெட்டப்பட்டது.

நட்டாலத்து நீலகண்ட பிள்ளை திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனை அலுவலர். குளச்சல் போரில் பிடிபட்டுப் பிறகு திருவிதாங்கூர்ப் படைத்தலைவரான டிலனாயிடமிருந்து கிறிஸ்தவத்தை அறிந்தார். அவரை டிலனாய் ஞானஸ்நானத்துக்கு அனுப்பிய ஊர் வடக்கன்குளம். அது திருவிதாங்கூர் எல்லைக்கு வெளியே இருந்தது. 1745-இல் லாசரு என்பதன் தமிழ் வடிவமான தேவசகாயம் என்ற பெயரோடு திரும்பினார். நான்கு ஆண்டுகளில் கைதாகி, எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோகப்பட்டு, 1752 சனவரி 14-இல் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுடப்பட்டார். 2022-இல் ரோமில் அவருக்குப் புனிதர் பட்டம் அறிவிக்கப்பட்டது. அவர் சாதி பார்க்காமல் எல்லோரோடும் பழகியது அவர் மேல் சாட்டப்பட்ட குற்றங்களுள் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில் 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளாளருக்கு ஒரு சிறகும் நாடார்களுக்கு ஒரு சிறகுமாகக் கோவில் கட்டி நடுவில் சுவரும் வைத்தார்கள். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அந்தச் சுவர் இடிபட்டது.

சீர்திருத்தச் சபையாரின் கதை டேனியர் வசமிருந்த தரங்கம்பாடியில் தொடங்குகிறது. 1706 சூலை 9-இல் வந்திறங்கிய லூத்தரன் மிஷனரிகள் சீகன்பால்கும் புளுட்சோவும் 1707 மே 12-இல் ஐந்து பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். ஐவரும் டேனிஷ் வீடுகளின் அடிமைகள். செப்டம்பர் 5-இல் புதிய எருசலேம் கோவிலில் ஒன்பது தமிழர்கள் பெற்றார்கள். லூத்தரன்களும் குழந்தைகளுக்குக் கொடுப்பவர்கள்தாம். அவர்கள் கூடுதலாக வலியுறுத்தியது பாடம். ஞானோபதேசத்தைக் கேள்வி பதிலாகச் சபை முன் சொல்லத் தெரிந்தால்தான் தண்ணீர். அந்தப் பள்ளிக்கூடத் தன்மையில் வந்தவர் கடலூர்ப் பக்கத்து ஆறுமுகம்; 1718-இல் ஆரோன் ஆகி, 1733-இல் குருப்பட்டம் பெற்ற முதல் தமிழ்ச் சீர்திருத்தச் சபைப் போதகரானார்.

ஞானஸ்நானத்தை மறுக்கவும் செய்தார்கள். தஞ்சாவூர்ப் பிராமண விதவை ஒருவர் ஆங்கிலப் படை அதிகாரி ஒருவரோடு வாழ்ந்துவந்தார். அவரிடமே கிறிஸ்தவ போதனையும் பெற்றிருந்தார். திருமணமில்லாத வாழ்க்கை என்று சொல்லி மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் ஞானஸ்நானம் தரவில்லை. அந்த அதிகாரி இறந்த பிறகு, 1778-இல் பாளையங்கோட்டையில் கிளாரிந்தா என்ற பெயரில் கொடுத்தார். 1780-இல் எழுதப்பட்ட பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் 40 பேர். முதல் பெயர் கிளாரிந்தா. திருநெல்வேலித் திருச்சபை தன் வரலாற்றை அந்தப் பட்டியலிலிருந்துதான் எண்ணத் தொடங்குகிறது.

அடுத்த தலைமுறையில் தனி ஆட்கள் வருவது குறைந்து ஊர்கள் வந்தன. 1799-இல் சாத்தான்குளம் அருகே முதலூர் உருவானது, ஞானஸ்நானம் பெற்றதற்காக வீடுகளை இழந்தவர்கள் குடியேறுவதற்கென்று. அதைப் பார்த்து நாசரேத், மெஞ்ஞானபுரம் போன்ற ஊர்கள் எழுந்தன. 1802-03-இல் ஆயிரக்கணக்கான நாடார்கள் திரண்டு பெற்றார்கள். அடுத்து வந்த துன்புறுத்தலில் பலர் விலகவும் செய்தார்கள். இந்த அனுபவத்திலிருந்து பெயர் கொடுத்தல் வேறு, ஞானஸ்நானம் வேறு என்ற இரண்டு படிகள் வழக்கமாயின. ஊராகப் பெயர் கொடுத்தால் உபதேசியார் வருவார், பள்ளிக்கூடம் வரும். தண்ணீருக்குச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

1876-78 பஞ்சத்தில் அந்தக் காத்திருப்பின் நியாயம் கடுமையாகச் சோதிக்கப்பட்டது. அன்றைய சென்னை மாகாணத்தின் ஓங்கோலில் அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி ஜான் கிளவ் பக்கிங்காம் கால்வாய் வெட்டும் வேலையை எடுத்துப் பஞ்சத்தில் அடிபட்டவர்களுக்குக் கூலி கொடுத்தார். கஞ்சிக்காகச் சேர்ந்தார்கள் என்ற பேச்சு வரக்கூடாதென்று, நிவாரணம் நடந்த காலம் முழுவதும் ஒருவருக்கும் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்துவிட்டார். உதவி முடிந்த பிறகும் மக்கள் வந்துகொண்டே இருந்தார்கள். 1878 சூலை 3-இல் குண்டலகம்மா ஆற்றில் 2,222 பேர் ஒரே நாளில் முழுக்குப் பெற்றார்கள். ஆறு போதகர்கள், ஒரு நேரத்தில் இருவர் மட்டும் நீரில் நின்றார்கள், களைத்ததும் அடுத்த இருவர் இறங்கினார்கள். கிளவ் தாம் ஒருவருக்கும் கொடுக்கவில்லை, கரையிலிருந்து மேற்பார்த்தார்.

மேற்சாதிக் குடும்பங்களில் ஞானஸ்நானம் ஒரு சாவுக்குச் சமம். 1841-இல் சென்னையில் ஸ்காட்லாந்து மிஷன் பள்ளியின் மாணவர் இருவர் ஞானஸ்நானம் பெற்றதும் பெற்றோர்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள், வகுப்பறைகள் காலியாயின. பாடம் கேட்கலாம், பைபிள் படிக்கலாம், தேர்வில் அதில் பரிசும் வாங்கலாம். தண்ணீர் மட்டும் கூடாது. சமயம் எங்கே மாறுகிறது என்பதை ஊர் மிகத் துல்லியமாக அறிந்திருந்தது. அதில் சட்டமும் கலந்திருந்தது. சாதியிழந்தவர் குடும்பச் சொத்தில் பங்கு இழப்பார் என்ற பழைய விதியை 1850-இன் 21-ஆவது சட்டம் நீக்கியது. பிள்ளை மதம் மாறினாலும் பங்கு கேட்கலாம் என்றானபோது சென்னையிலும் வங்காளத்திலும் எதிர்ப்பு மனுக்கள் குவிந்தன. பிரிந்து போனவன் செத்தவன் என்று தலைமுழுகிவிட வழியில்லாமற் போனதே அந்தக் கோபத்தின் அடி. வைணவராகப் பிறந்து 1858-இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்ற எச். ஏ. கிருஷ்ண பிள்ளை பிற்பாடு இரட்சணிய யாத்திரிகம் என்ற காவியம் எழுதினார்; காவிய மரபு முழுவதையும் அவர் உடன் எடுத்துச் சென்றார் என்பதற்கு அந்நூலே சான்று.

எவ்வளவு தண்ணீர், எந்த வயதில் என்ற ஐரோப்பியச் சண்டை தமிழ்நாட்டுக்குத் தாமதமாகவே வந்தது. அதன் வேர் சூரிக் நகரில். 1525 சனவரி 21 இரவு சிலர் ஒரு வீட்டில் கூடி, குழந்தையில் பெற்றது ஞானஸ்நானமே ஆகாது என்று சொல்லி ஒருவருக்கொருவர் புதிதாகக் கொடுத்துக்கொண்டார்கள். நகர மன்றம் அதற்குத் தண்டனையாக நீரில் மூழ்கடிப்பதை விதித்தது. 1527 சனவரி 5-இல் பெலிக்ஸ் மான்ஸ் லிம்மட் ஆற்றில் கைகால் கட்டி அமிழ்த்தப்பட்டார். விசுவாசித்தவருக்கே ஞானஸ்நானம் என்ற கொள்கையை 17-ஆம் நூற்றாண்டு ஆங்கில பாப்டிஸ்டுகள் முழு முழுக்கோடு சேர்த்தார்கள். மிஷனரி வில்லியம் கேரி அந்த மரபில் வந்தவர். செராம்பூரில் 1800 டிசம்பர் 28-இல் கிருஷ்ண பால் என்ற தச்சருக்கு ஹூக்ளி ஆற்றில் முழுக்குக் கொடுத்தார்.

தமிழரிடையே இதைப் பரவலாக்கியவை பெந்தெகொஸ்தே சபைகள். 1920-களில் கொழும்பில் தோன்றிய இலங்கைப் பெந்தெகொஸ்தே மிஷன் கடல் கடந்து தமிழகத்தில் கால்பதித்தது. பிறகு வேறு பல சபைகள் எழுந்தன. வெள்ளை உடுத்தி, கடலிலோ ஆற்றிலோ கோவில் தொட்டியிலோ இடுப்பளவு நீரில் நின்று, பாஸ்டர் முதுகைத் தாங்கிப் பின்னால் சாய்த்து முழுக்கி எடுப்பது இன்று பல ஊர்களிலும் காணும் காட்சி. இவர்களிடம் வருவோரில் கணிசமானோர் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) அல்லது கத்தோலிக்கக் குடும்பங்களில் பிறந்து குழந்தையிலேயே ஞானஸ்நானம் பெற்றவர்கள். எனவே இது மறுமுழுக்கா, முதல் முழுக்கா என்ற தகராறு ஒரே வீட்டின் தாய்க்கும் மகனுக்கும் இடையே கூட நடக்கிறது. ஆங்கிலிக்கரும் மெதடிஸ்டுகளும் தென்னிந்திய ஐக்கியச் சபையாரும் இணைந்து 1947 செப்டம்பர் 27-இல் சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் உருவான தென்னிந்தியத் திருச்சபை குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் கொடுக்கிறது. இரண்டாம் முறையை ஏற்பதில்லை.

தண்ணீரே வேண்டாம் என்றிருப்பவர்களும் உண்டு. கிறிஸ்துவை வழிபடுவார்கள், பைபிள் வாசிப்பார்கள், ஞானஸ்நானம் மட்டும் பெறமாட்டார்கள். சிவகாசி இந்து நாடார் குடும்பத்துப் பெண்களிடையே இந்த வழக்கம் பல தலைமுறையாக இருப்பது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. சென்னையில் இத்தகையோரைப் பற்றி ஹெர்பர்ட் ஹோபர் நடத்திய ஆய்வு 1991-இல் நூலாக வந்தபோது இறையியல் வட்டாரத்தில் பெரும் விவாதம் எழுந்தது. அவர்கள் அஞ்சுவது நீரை இல்லை, அதன்பின் வரும் பிரிவை. திருமணச் சம்பந்தமும் பொட்டும் பூவும் சொந்தபந்தமும் அறுந்துபோவதை.

தாழ்த்தப்பட்டோர் விஷயத்தில் இந்தப் பிரிவுக்கு அரசே ஒரு கோடு போட்டது. 1950-இன் பட்டியல் சாதிகள் ஆணை, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்றது. பின்னர் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். சேரியும் அதே, தொழிலும் அதே, ஊர்க்குளத்தில் தடையும் அதே. பதிவேட்டில் ஒரு வரி எல்லாவற்றையும் மாற்றுகிறது. கோலார் தங்கவயலின் தனித்தொகுதித் தேர்தலில் ஆதி திராவிடர் ஒருவர் வென்றபோது, அவர் கிறிஸ்தவராகியிருந்தவர் என்று எதிர்த்து நின்றவர் வழக்குப் போட்டார். 1967 தேர்தல் வழக்கில் உச்ச நீதிமன்றம், அவர் தன் சாதிக்குத் திரும்பியதாக நிரூபணமில்லை என்றது. 1972 தேர்தல் வழக்கில், மீண்டும் இந்துவான பிறகு சாதியார் அவரை ஏற்றுக்கொண்டார்கள் என்பதால் ஆதி திராவிடரே என்று தீர்ப்பளித்தது.

2024 நவம்பர் 26-இல் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் ஞானஸ்நானத்தை எடைபோட்டது. இந்துத் தந்தைக்கும் கிறிஸ்தவத் தாய்க்கும் பிறந்த அவர், அரசு வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டார். குழந்தையாக இருந்தபோது ஞானஸ்நானம் பெற்ற பதிவும், கிறிஸ்தவக் கோவிலுக்குத் தவறாமல் போய்வருவதும் அவருக்கு எதிராக நின்றன. நம்பிக்கையில்லாமல் இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்பதை அனுமதிக்க முடியாது என்றது நீதிமன்றம். கிறிஸ்தவராகிய தலித்துகளுக்குப் பட்டியல் சாதித் தகுதி தரலாமா என்று ஆராய, முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மத்திய அரசு 2022-இல் ஓர் ஆணையத்தை அமைத்தது.